என் பிறந்தநாளுக்காகக் காத்திருப்பவர்

ஜூன் 3

இன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டேன். நான்தான் விட்டேன்.

மூன்றாவது பாடவேளையில் ஆபீஸ் அறையில் ஆளில்லை, மைக் மட்டும் இருந்தது. ஆளில்லாத மைக்கைக் கண்டால் எனக்குத் தொண்டை அரிக்கும். தலைமையாசிரியரின் மூக்கடைத்த குரலில், "தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. அனைவரும் வரிசையாக வீட்டுக்குச் செல்லவும்" என்றேன். வரிசையாக என்று சேர்த்ததுதான் தொழில் நுணுக்கம். அதனால்தான் நம்பினார்கள். பாதிப் பள்ளி கேட்டைத் தாண்டிய பிறகு அவர் கழிப்பறையிலிருந்து ஓடிவந்தார். தலைக்கு மை பூசுகிறவர் என்பதால்தான் அவர் தலைமையாசிரியர். ஓடிவந்த வேகத்தில் மை நெற்றிக்கு இறங்கியிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து ஈரக் கையோடு வந்தாள். வழியெல்லாம் திட்டவில்லை. வீட்டுப் படியேறும்போதுதான் சொன்னாள்: "இன்னும் ஒன்றரை மாசம் ஒழுங்கா இருடா. ஜட்ஜ் முன்னாடி நிக்கணும். பள்ளிக்கூடத்துல உன்னைப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"குரல் வளம் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க."

சிரிக்கவில்லை. டிவியைப் பார்த்துச் சிரிப்பாள். நான் யார் குரலிலாவது பேசினால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஜூன் 5

கூடப் படிக்கிற ஒல்லிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். இவ்வளவு நாளாக அவனிடம் சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயம். சுருக்கமாக இங்கேயும்:

எனக்கு ஆறு வயதில் அப்பாவை ஒருவர் கொன்றார். இரண்டு பேரும் மர அறுவை மில்லில் வேலை. வேலை செய்யும் இடத்தில் சண்டை, கடப்பாரையால் ஒரே அடி. தூக்கு என்று தீர்ப்பு. ஆனால் எங்கள் சட்டத்தில் செத்தவரின் மனைவி, பிள்ளைகள் எல்லாரையும் கேட்ட பிறகுதான் தூக்கில் போட முடியும். எல்லாரும் சரி என்றால் தூக்கு. ஒருவர் வேண்டாம் என்றாலும் சாகும்வரை சிறை, வெளியே வரும் பேச்சே கிடையாது. பிள்ளைகளைப் பதினெட்டு நிறைந்த பிறகுதான் கேட்பார்கள். சொன்ன சொல்லை மாற்ற முடியாது. அம்மா அப்போதே சொல்லிவிட்டாள். அக்கா நான்கு வருடம் முன்பு சொன்னாள். இரண்டு பேருமே தூக்கு. பாக்கி நான். சட்டப்படி நான் மைனர், கழுத்தில் சங்கிலி மட்டும்தான் இல்லை.

ஒல்லி வாயைப் பிளந்தான். "அப்போ அந்தாளு இத்தனை வருஷமா நீ வளர்றதுக்காகவா உக்காந்திருக்கான்?"

"ஆமா."

"நீ கொஞ்சம் மெதுவா வளர்ந்திருக்கலாம்டா."

"வயசு என்ன உன் உடம்பா, சாப்பிட்டும் ஏறாம இருக்க?"

சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "பர்த்டேக்கு கேக் வெட்டுவியா?" என்று கேட்டான். நிஜமாகத்தான் கேட்டான்.

எனக்குப் பிறந்த நாள், இன்னொருத்தருக்கு இறந்த நாள். ஒரே எழுத்தை மாற்றினால் போதும். இதை ஒல்லியிடம் சொல்லலாம் என்று நினைத்துச் சொல்லவில்லை.

ஜூன் 9

வக்கீல் வந்தார். நீதிபதி என்ன கேட்பார், நான் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி. மேல ஒரு வார்த்தை வேண்டாம்." என் பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றிச் சொன்னால் கோயில் கட்டுவார்கள்.

அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அவன் அங்க தினம் மூணு வேளை சாப்பிடறான் சார்" என்றாள். வக்கீல் தலையாட்டினார். எப்போது வந்தாலும் இதைச் சொல்வாள், அவரும் எப்போதும் தலையாட்டுவார்.

அவர் விட்டுப்போன கோப்பில் அப்பாவைக் கொன்றவரின் வீட்டு போன் நம்பர் இருந்தது.

ஜூன் 14

செய்துவிட்டேன்.

ஒல்லி வீட்டு மாடியிலிருந்து, அவன் மாமாவின் பழைய போனில். சிறை அதிகாரியின் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தலைமையாசிரியரிலிருந்து மூக்கடைப்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் வெற்றிலை போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"ஜெயில் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். உங்க வீட்டுக்காரர் விஷயம் முடிவாயிடுச்சு. வியாழக்கிழமை காலையில வாசலுக்கு வாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எல்லாரும் வரணுமாய்யா?"

"வாங்க. வண்டி ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

வண்டி என்பது என் கைச்சரக்கு. இத்தனை வருடம் உள்ளே இருந்தவருக்குச் சாமான் சட்டி இருக்காதா? வண்டியோடு வந்து, விடுதலை என்று நம்பி நின்று, காலியாகத் திரும்பட்டும். அப்பா செத்த பிறகும் எங்கள் அம்மா தினம் தினம் வாசலைப் பார்த்து ஏமாந்தாள். இவர்கள் ஒரே ஒரு நாள் ஏமாறட்டுமே.

ஒல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் நிறுத்திவிட்டு, "அந்தம்மா ஏன்டா சந்தோஷப்படல?" என்றான்.

"ஷாக்குடா."

ஜூன் 17

நாளை போய்ப் பார்க்கப் போகிறேன். நாடகம் போட்டவன் நாடகம் பார்க்காமல் இருந்தால் எப்படி?

ஜூன் 18

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பஸ்ஸின் கடைசி நிறுத்தம். சிறை வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை, வெளியே பெஞ்சு. பன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மாலை கொண்டுவருவார்களா, இனிப்பு கொண்டுவருவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரக்கு ஏற்றுகிற சின்ன வேன் வந்து நின்றது. ஒரு பையன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே பாய் விரித்திருந்தது. பாய் மேல் மடித்த வெள்ளைத் துணி. ஓரமாகச் சாக்குப் போட்டு மூடிய ஐஸ் கட்டி, தண்ணீர் ஒழுகி ரோட்டில் சொட்டியது.

அவர்கள் பிணம் எடுக்க வந்திருந்தார்கள்.

வண்டி கொண்டு வாங்கன்னு நான்தானே சொன்னேன். முடிவாயிடுச்சுன்னு நான்தானே சொன்னேன். விடுதலைன்னு ஏன் அவங்களுக்குத் தோணவே இல்ல? விடுதலைன்னு ஒண்ணு அவங்க கணக்குலயே கிடையாது. இது எனக்குத் தெரியாமலா? நானே ஒல்லிக்கு விளக்கினேனே - ஒண்ணு தூக்கு, இல்ல சாகுற வரைக்கும் ஜெயில்னு. என் வாயாலயே சொன்னேனே.

போனில் பேசிய அந்த அம்மா வேனிலிருந்து இறங்கி, கதவுக்குப் போய்க் காவலரிடம் பேசினார். அழவில்லை. காவலர் உள்ளே போய் வந்து சத்தமாகச் சொன்னார்: "இங்கேர்ந்து யாரும் போன் பண்ணலம்மா. உங்க ஆள் உள்ளதான் இருக்காரு. காலையில சாப்பிட்டாச்சு."

"சாப்பிட்டாரா? நீங்க பாத்தீங்களாய்யா?"

"பாத்தேன்மா."

"நீங்களே பாத்தீங்களா?"

மூன்றாவது தடவை கேட்டபோது தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே, கதவின் நிழலில், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. அப்போதுதான் அழுதார். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு.

பையன் தண்ணீர் வாங்கக் கடைக்கு வந்தான். இருபது வயது இருக்கும். அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எவனோ விளையாடிட்டான்" என்றான். என்னிடம்தான்.

"யாரு உள்ள?" எத்தனை பேர் குரல் வரும் எனக்கு, என் குரல் வரவில்லை.

"அப்பா. கொலை கேஸ்." பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னான். "கூட வேலை செஞ்சவரை அடிச்சுட்டாரு. எங்கப்பா மரம் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போச்சு, சாஞ்சுதான் நடப்பாரு. அவர் பின்னாடியே அந்த ஆளும் அதே மாதிரி நடந்து காட்டுவாராம். தினமும். மில்லே சிரிக்குமாம். அன்னிக்கு நான் சாப்பாடு எடுத்துட்டுப் போயிருந்தேன்."

நான் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியே எங்கப்பா மாதிரியே இருந்துச்சு. அச்சு அசல். நானும் சிரிச்சுட்டேன். அப்பா திரும்பி என்னைப் பாத்தாரு, அந்த ஆளைப் பாக்கல. அப்புறம்தான் கடப்பாரையை எடுத்தாரு."

"அப்போ நீ சின்னப் பையன்" என்றேன்.

"அந்த ஆளுக்கும் ஒரு சின்னப் பையன் இருந்தான். அவன் இப்போ பெரியவனாகப் போறான். அதுக்கப்புறம்தான் முடிவு. தேதி எங்களுக்குத் தெரியாது, அதுக்குள்ள ஆயிடுச்சு போலன்னு வந்துட்டோம்." வேன் பக்கம் பார்த்தான். "இன்னிக்கு வண்டியில வரும்போது மனசு ஒரு மாதிரி லேசா இருந்துச்சு. முடிஞ்சுதுன்னு. இப்போ அவர் சாப்பிட்டாருன்னு சொன்னதும் - எனக்கு எது வேணும்னே தெரியல. நீ யாரைப் பாக்க வந்த?"

"எங்கப்பா விஷயமா."

வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது என் பன்னுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

ஜூன் 19

பள்ளிக்கூடம் போகவில்லை. ஒல்லி வந்தான். "எப்படிடா இருந்துச்சு ஷோ?" என்று கேட்டான். கதவைச் சாத்தினேன்.

ஜூன் 21

அக்கா வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது கேட்டேன்: அப்பா அந்த ஆளைக் கேலி பண்ணாராமே?

"யார் சொன்னா?"

"நிஜமா?"

கொடியில் கிளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "கோர்ட்ல எல்லாம் பேசினாங்க. அப்பா யாரை வேணா அப்படியே செஞ்சு காட்டுவார். வீட்டிலயும் செய்வார். நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். உனக்கு ஞாபகம் இருக்காது. நீ வாயைத் திறந்தா அம்மா ஏன் எழுந்து போறான்னு நினைச்ச?"

இத்தனை நாள் என் மிமிக்ரி மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஏன் தூக்குன்னு சொன்ன?"

"அம்மா பக்கத்துல உக்காந்திருந்தா." காலி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சொல்றதுக்கு ஒரு நிமிஷம்தான்டா ஆகும். அப்புறம் வாயிலயே இருக்கும் அது. பல் விளக்கினாலும் போகாது. நீ என்னவோ சொல்லிக்கோ, என்கிட்ட கேக்காத."

ஜூன் 24

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போன், வேன், பாய், ஐஸ் எல்லாம்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒரு காலைப்பொழுது பட்டாங்களா? நான் எத்தனை காலை பட்டிருக்கேன் தெரியுமா உனக்கு? எனக்கு எந்தக் காவக்காரனும் வந்து, இல்லம்மா, அவர் சாப்பிட்டுட்டாருன்னு சொல்லல."

"அப்பா அவரை தினமும்..."

"ஆமா. கேலி பண்ணாரு. நானே சொல்லியிருக்கேன், வேண்டாம், அந்தாளு பாவம்னு. கேக்கல. அதுக்கு? மூஞ்சியில குத்தியிருக்கலாம். கட்டிப் புரண்டிருக்கலாம். கேலிக்குப் பதில் உயிரா?"

"இல்ல."

"உயிருக்கு?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்று பேர். அம்மா கேட்டது தப்பே இல்லை. கேலிக்கு உயிர் அதிகம். உயிருக்கு உயிர் சரியாகத்தானே இருக்கிறது? எவ்வளவு யோசித்தாலும் அவள் பக்கம் ஓட்டை தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் அவரை ஏற்கெனவே ஒரு தடவை கொன்றுவிட்டேன். போனில். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழக்கிழமை வரை அந்த வீட்டில் அவர் செத்துக் கிடந்தார். பாய் எடுத்து வைத்திருக்கிறார்கள், ஐஸ் சொல்லியிருக்கிறார்கள், யாரோ வேன் ஓட்டுகிறவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அதனால் எங்கள் அப்பாவின் ஒரு விரல்கூட அசையவில்லை.

இதை நீதிபதியிடம் எப்படிச் சொல்வது? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி.

ஜூலை 2

உயிரோடு விட்டால் அது மட்டும் நல்லதா? அந்தக் கதவுக்குள் நரைத்து, பல் விழுந்து, பெண்டாட்டி செத்தாலும் வர முடியாமல், மகன் கல்யாணத்துக்கும் வர முடியாமல். இது தூக்கைத் தவணை முறையில் போடுவது இல்லையா? கயிற்றுக்குப் பதில் காலண்டர்.

ஒல்லியிடம் கேட்டேன். "உன்னை விட்டா எதை எடுப்ப?"

ரொம்ப நேரம் யோசித்தான். "ஜெயில்ல கிரிக்கெட் உண்டாடா?"

"தெரியல."

"உண்டுன்னா ஜெயில்."

முட்டாள். ஆனால் இது வரை யாரும் சொன்னதில் இதுதான் எனக்குப் புரிந்த பதில்.

ஜூலை 11

இன்று நான் மேஜர்.

அம்மா புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தாள். வெள்ளை, முழுக்கை. கோர்ட்டுக்கு. போட்டுப் பார்க்கச் சொல்லிக் காலரைச் சரிசெய்தாள். கை கழுத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. "அவரோட கழுத்து உனக்கு" என்றாள்.

கேக் வெட்டவில்லை.

ஜூலை 20

நாளை.

அம்மா தூங்குவது போல நடிக்கிறாள். எனக்கு வராத ஒரே மிமிக்ரி அதுதான்.

ஜூலை 21

நீதிபதி ஒரு பெண். எங்கள் கணக்கு டீச்சர் வயது. பெரிய ஹால் இல்லை, சாதாரண ஆபீஸ் அறை. மின்விசிறி காகிதங்களைத் தூக்கிக்கொண்டே இருந்தது, டைப் அடிப்பவர் செல்போனை அதன் மேல் வைத்தார். அம்மா எனக்குப் பின்னால் நாற்காலியில். வக்கீல் ஓரத்தில்.

"யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லை மேடம்."

"என்ன சொன்னா என்ன ஆகும்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"சொல்லுப்பா."

வாயைத் திறந்தேன். வேறு யார் குரலிலாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. பின்னால் அம்மாவின் வளையல் ஒரு தடவை சத்தம் போட்டது.

"தூக்கு வேண்டாம் மேடம்."

"சத்தமா."

"தூக்கு வேண்டாம்."

காரணம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. டைப் அடித்தார்கள். கையெழுத்துப் போட்டேன், முதல் தடவையாக, பெரியவன் போல.

திரும்பிப் பார்த்தபோது அம்மா எழுந்து நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வக்கீலிடம், "அவ்வளவுதானா சார், போலாமா?" என்றாள். டிக்கெட் கவுன்டரில் கேட்பது போல.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நின்றுகொண்டே வந்தாள்.

ஜூலை 23

அக்காவுக்குப் போன் செய்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நிம்மதி என்பாள் என்று.

"நீ நல்லவனாயிட்ட" என்றாள். "அப்போ நான் யாரு?"

"அக்கா..."

"நானும் பதினெட்டு வயசுலதான்டா சொன்னேன். எனக்கு யாரும் வேனைக் காட்டல."

வைத்துவிட்டாள்.

ஜூலை 30

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. சட்டை தேய்த்து வைத்திருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 8

அந்த மகனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை பஸ் ஏறினேன். போன் பண்ணியது நான், பதினெட்டானது நான், ரெண்டும் நான்தான்னு. ரெண்டு தடவையும் பாதியிலேயே இறங்கினேன். சொன்னா யாருக்கு லேசாகும்? எனக்குத்தானே? அதுக்கு அவன் இன்னொரு தடவை பன்னுக்குக் காசு கொடுக்கணுமா?

ஆகஸ்ட் 19

வக்கீல் மீதிக் காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போக வந்தார். அப்பாவைக் கொன்றவரைத் தூக்குக் கைதிகள் அறையிலிருந்து வேலை செய்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். தச்சுப் பட்டறை. மரத்துக்கே திரும்பிப் போயிருக்கிறார். உத்தரவைப் படித்துக் காட்டியபோது அவர் அழவும் இல்லையாம், கும்பிடவும் இல்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாராம்: "அப்போ இனிமே யாருக்காகவும் காத்திருக்க வேண்டாமா?"

அம்மா அடுப்படியில் இருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றது. கேட்டிருப்பாள்.

செப்டம்பர் 6

ஞாயிறு. சலவைக்கூடத்தில் ஆள் வரவில்லை என்று ஒரு மூட்டை போர்வைகளை அம்மா வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். பெரிய போர்வைகள், ஒரு ஆளால் மடிக்க வராது. கூடத்தில் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட மாட்டாள் என்று தெரியும்.

"அந்த முனையைப் பிடி" என்றாள்.

பிடித்தேன். உதறினோம். பாதியாக மடித்து, அவள் முன்னால் வர, நானும் வந்து முனையை அவள் கையில் கொடுத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு நேரே வருவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

எத்தனையாவது போர்வை என்று தெரியாது. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். கோபமே இல்லை, விலை விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

"உனக்குப் பதினெட்டு ஆனா முடிஞ்சுடும்னு இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் உன் சட்டை சின்னதாகும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம்தான்னு நினைச்சுப்பேன். அவனுக்குக் காத்திருக்கறது முடிஞ்சுடுச்சாம். எனக்கு எப்போடா முடியும்?"

தெரியலம்மான்னு சொல்ல வந்தேன்.

"கையைத் தூக்கிப் பிடி" என்றாள். "தரையில படுது பாரு."

தூக்கிப் பிடித்தேன். மூட்டையில் இன்னும் நிறைய இருந்தது.